கொன்ற கிருமியா, மரபணு நீக்கிய கிருமியா, தனிப் புரதமா? கால்நடைப் பாக்டீரியா நோய்களுக்குத் தடுப்பூசி வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கால்நடை நுண்ணுயிரியல் படிப்பவர்கள் ஆய்வுத் திட்டம் எழுத உட்காரும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கிருமியைக் கொன்று ஊசியாக்குவதா? ஒரு மரபணுவை வெட்டிவிட்டு உயிரோடு கொடுப்பதா? ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிரித்துக் கொடுப்பதா? மந்தைக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் மருத்துவருக்கும் இதே குழப்பம்தான். என்ன, அவர் முன்னால் இரண்டு மூன்று புட்டிகள் தயாராக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

விவாதம் வழக்கமாகத் தொழில்நுட்பத்தில் தொடங்குகிறது. "இப்போது எல்லாரும் மரபணு நீக்கம் செய்கிறார்கள், நாமும் அதையே எழுதுவோம்" என்று. அது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. இந்தக் கிருமியிடம் விலங்கைக் கொல்லும் மரபணு எது, விலங்கின் உடல் அடையாளம் கண்டு எதிர்க்கும் பொருளை உண்டாக்கும் மரபணு எது, இரண்டும் ஒன்றா வேறா என்று முதலில் கேட்க வேண்டும். விடை கிடைத்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். (கிருமியின் நோயுண்டாக்கும் திறனை இந்தக் கட்டுரையில் வீரியம் என்றே சொல்கிறேன்.)

## முதலில் அடைப்பானைப் பார்த்துவிடலாம்

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியின் வீரியத்தில் பெரும்பகுதி இரண்டு பிளாஸ்மிட்களில் இருக்கிறது. குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் வளைய டிஎன்ஏ துண்டுகள் அவை. பிஎக்ஸ்ஓ1 என்ற துண்டில் நச்சின் மூன்று கூறுகளுக்கான மரபணுக்கள் உள்ளன. பிஎக்ஸ்ஓ2 என்ற துண்டில் கிருமியைப் போர்த்தியிருக்கும் மேலுறைக்கான மரபணுக்கள். அந்த உறை இருக்கும்வரை வெள்ளணுக்களால் கிருமியை எளிதில் விழுங்க முடியாது. இரண்டு துண்டுகளில் எது போனாலும் கிருமி பெருமளவு சாதுவாகிவிடும்.

அப்படியானால் எதை நீக்கினாலும் தடுப்பூசிதானே? இல்லை. நச்சின் மூன்று கூறுகளில் ஒன்றான காப்புப் புரதத்துக்கு எதிராகத்தான் விலங்கின் உடல் நோயெதிர்ப்பை வளர்க்கிறது. அந்தப் புரதத்தின் மரபணு பிஎக்ஸ்ஓ1-இல் இருக்கிறது. லூயி பாஸ்டர் கிருமியை 42–43 டிகிரி வெப்பத்தில் வளர்த்து வலுக்குறைத்தார். அந்த வெப்பம் விரட்டுவது பிஎக்ஸ்ஓ1-ஐ. அதை முழுவதும் இழந்த கிருமி நோயும் தராது, காப்பும் தராது. பாஸ்டரின் ஊசி வேலை செய்ததற்கு, அந்தக் கலவையில் பிஎக்ஸ்ஓ1-ஐ இழக்காத செல்களும் கொஞ்சம் மிஞ்சியிருந்ததே காரணம் என்று பின்னாளில் விளக்கப்பட்டது. சில நேரம் ஊசியே விலங்கைக் கொன்றது, சில நேரம் காப்பே கிடைக்கவில்லை என்ற புகார்களும் இதனால் புரிகின்றன. (1881-இல் பூயி-லெ-ஃபோரில் ஊர் பார்க்க நடத்திய புகழ்பெற்ற சோதனையில் போட்டது வெப்பத்தால் வலுக்குறைத்தது அல்ல, பொட்டாசியம் டைக்ரோமேட்டால் வலுக்குறைத்தது. அது வேறு கதை.)

1930களில் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டிபோர்ட் ஆய்வகத்தில் மேக்ஸ் ஸ்டெர்ன் எடுத்த 34எஃப்2 என்ற வித்து (கிருமியின் ஒரு குறிப்பிட்ட பரம்பரையை இப்படிச் சொல்வார்கள்) எதிர்த்திசையில் போயிற்று. அது மேலுறையை இழந்தது, நச்சு மரபணுக்களை வைத்துக்கொண்டது. இன்றும் உலகமெங்கும் கால்நடைகளுக்குப் போடப்படுவது அந்த வித்துதான். ஸ்டெர்னுக்குப் பிளாஸ்மிட் என்றால் என்னவென்றே தெரியாது. அவை இரண்டும் 1980களில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே கிருமி, இரண்டு வகை இழப்பு, ஒன்று பயன்பட்டது, மற்றது தள்ளாடியது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோலைச் சொல்லிவிட்டேன்: கொல்வதும் காப்பதும் ஒரே மரபணுவா? இதைச் சொல்ல, அந்த மரபணுதான் வீரியத்துக்குக் காரணம் என்ற உறுதி வேண்டும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ 1988-இல் வகுத்த மூலக்கூறு விதிகள் இதற்கு இன்றும் கைகொடுக்கின்றன. நோய் தரும் வித்துகளில் அந்த மரபணு இருக்க வேண்டும். அதை முடக்கினால் வீரியம் குறைய வேண்டும். திருப்பி வைத்தால் வீரியம் திரும்ப வேண்டும். மூன்றாவது படியைச் செய்யாமல் தாண்டிப் போகும் ஆய்வுகள் நிறைய. அங்கேதான் பின்னாளில் அடி விழுகிறது.

இரண்டாவது, கிருமி எங்கே வாழ்கிறது. இரத்தத்திலும் திசு இடைவெளியிலும் பெருகும் கிருமியை எதிர்ப்பொருள்களால், அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் புரதங்களால், மடக்கலாம். புரூசெல்லா, காசநோய்க் கிருமி, சால்மோனெல்லா போன்றவை விலங்கின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கின்றன. அவற்றுக்கு டி-செல்கள் என்ற வெள்ளணு வகை வழியான எதிர்ப்பு வேண்டும்.

மூன்றாவது, தடுப்பூசி வித்து மறுபடி வீரியம் பெறுமா என்பது. நான்காவது, ஊசி போட்ட விலங்கையும் நோய் தொற்றிய விலங்கையும் பரிசோதனையில் பிரித்தறிய முடியுமா என்பது. இதை டிவா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நோயை ஒழிக்கும் திட்டம் நடக்கும் இடங்களில் இந்த ஒன்றே ஒரு நல்ல தடுப்பூசியை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஐந்தாவது, கிருமியில் எத்தனை ரகம், ஒன்றுக்கான ஊசி மற்றதைத் தடுக்குமா. அப்புறம் வழக்கமானவை: செலவு, குளிர்ச்சங்கிலி, சினை விலங்குக்குப் போடலாமா, ஊசி போடுபவர் கையில் குத்திக்கொண்டால் என்ன ஆகும்.

## கொன்ற கிருமி

ஃபார்மலினில் கொன்ற முழுக் கிருமியை அலுமினிய உப்பிலோ எண்ணெயிலோ கலந்து கொடுப்பது. மலிவானது, சீக்கிரம் தயாரிக்கலாம், உயிரில்லாததால் வீரியம் திரும்பும் பேச்சே இல்லை. கிருமியின் எந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரியாமலேயே செய்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். பெரிய பலவீனமும் அதுவே.

சாதனைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1987-இல் 50 டன்னுக்குச் சற்றுக் குறைவான ஆன்டிபயாடிக் கொட்டின. விப்ரியோ நோய்களுக்கான கொன்ற கிருமி ஊசிகளும், 1990களின் தொடக்கத்தில் ஃபுருங்குலோசிஸ் நோய்க்கான எண்ணெய் கலந்த ஊசியும் பரவியபின், உற்பத்தி பல மடங்கு பெருகியபோதும் அந்த அளவு ஒன்றிரண்டு டன்னுக்கு இறங்கியது. விலையாக மீன்களின் வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எண்ணெய் செய்யும் வேலை அது.

மறைந்த செலவு குடுவையிலேயே தொடங்குகிறது. வீரிய மரபணுக்களில் பல, விலங்கின் உடலுக்குள் நுழைந்த பிறகுதான் இயங்கத் தொடங்கும். இரும்புச்சத்துக் குறைவு, உடல் வெப்பம், சுற்றியுள்ள செல்களின் தொடுகை எல்லாம் அவற்றுக்குச் சாவி. சத்துநிறைந்த ஊடகத்தில் சுகமாக வளர்ந்த கிருமியில் அந்தப் புரதங்கள் இருக்காது. அதைக் கொன்று ஊசியாக்கினால், களத்தில் வரும் கிருமியின் முகத்தை உடல் பார்த்திருக்காது. தொண்டை அடைப்பான் கிருமியான பாஸ்டுரெல்லாவை இரும்புச்சத்துக் குறைந்த ஊடகத்தில் வளர்த்து ஊசியாக்கும் முயற்சிகள் இதனால் பிறந்தவைதான்.

பன்றிகளின் நுரையீரல் நோயான ஆக்டினோபாசில்லஸ் தொற்றில் இது இன்னும் தெளிவு. ஏபிஎக்ஸ் நச்சுகள் அந்தக் கிருமி வளரும்போது வெளியே கொட்டுபவை. செல்லைக் கழுவிக் கொன்றால் நச்சு சாக்கடைக்குப் போய்விடும். அதனால் பழைய ஊசிகள் அந்தந்த ரகத்தில் சாவைக் குறைத்தன, தொற்றைத் தடுக்கவில்லை. மாடுகளின் மான்ஹைமியா நிமோனியாவில் நிலைமை மோசம். அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களைத் தேடிக் கொல்லும் லுக்கோடாக்ஸின் என்ற நச்சு இல்லாத பழைய ஊசிகள், சில சோதனைகளில் போடாத கன்றுகளைவிடப் போட்ட கன்றுகளுக்கே நோயைக் கடுமையாக்கின. கிருமியின் மேற்பரப்புக்கு எதிராக எதிர்ப்பொருள் இருக்கிறது, வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன, வந்த இடத்தில் நச்சு அவற்றை வெடிக்கச் செய்கிறது, வெடித்த வெள்ளணுக்களின் சரக்கு நுரையீரலையே அரிக்கிறது. தவறான பொருளுக்கு எதிரான காப்பு, காப்பே இல்லாததைவிடக் கெடுதல் ஆகலாம் என்று இதைவிட நன்றாக எதுவும் காட்டுவதில்லை.

ரகப் பிரச்சினையும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவில் 250-க்கு மேற்பட்ட சீரோ ரகங்கள். ஊசியில் உள்ள ரகத்துக்குத்தான் நல்ல காப்பு. காப்பின் காலமும் குறைவு: தொண்டை அடைப்பானுக்கான படிகார வகை ஊசி நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும். எண்ணெய் வகை ஓராண்டு வரை தாங்கும், ஆனால் கெட்டியாக இருப்பதால் குளிர்காலத்தில் ஊசிக்குள் இழுப்பதே வேலை.

பரிசோதனைக் குழப்பம் பொதுவாகவே இருக்கும், ஏனென்றால் முழுக் கிருமியையும் கொடுக்கிறோம். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமியால் மாடுகளுக்கு வரும் நீண்டகாலக் குடல் நோயான ஜோனே நோய்க்கான கொன்ற கிருமி ஊசி கிருமி கழிவில் வெளியேறுவதைக் குறைக்கிறது, ஆனால் மாட்டுக் காசநோய்க்கான தோல் பரிசோதனையைக் கெடுத்துவிடுகிறது. அதன் எண்ணெய் மனிதர் கையில் குத்தினால் ஆறாப் புண்.

பண்ணையில் எடுத்த கிருமியையே கொன்று அந்தப் பண்ணைக்கே ஊசியாக்கும் வழக்கமும் இந்த வகைதான். சந்தையில் ஊசி இல்லாத அரிய ரகத்துக்கு அது சரி. ஆனால் பெரும்பாலும் அதன் காப்புத்திறனை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், பழைய வித்தையே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் நடக்கிறது.

## தற்செயலாய் வலுவிழந்த உயிர்க்கிருமி

கிருமியை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, எங்கோ ஒரு மரபணு உடைந்து, சாதுவான வித்து கிடைப்பது. எது உடைந்தது என்பது கிடைத்தபோது யாருக்கும் தெரியாது.

பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி இதன் மூத்த பிள்ளை. கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். ஆர்டி1 என்ற பகுதி அதில் இல்லை என்பது 1996-இல்தான் வெளியானது. அந்தப் பகுதி ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களையும் அவற்றை வெளியேற்றும் அமைப்பையும் தருகிறது. பின்னர் ஆர்டி1-ஐ பிசிஜிக்குள் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளில் வீரியம் கூடியது. ஆய்வக விலங்குகளில் காப்பும் கூடியது! கொல்வதும் காப்பதும் பகிர்ந்துகொள்ளும் மரபணுப் பகுதி என்றால் இதுதான். எதைப் போக்கினாலும் மற்றதிலும் கொஞ்சம் போகும்.

ஆனால் இந்த இழப்புக்கு இன்னொரு பயன் கிடைத்தது. பிசிஜி போட்ட மாட்டில் ஈசாட்-6-க்கும் சிஎஃப்பி-10-க்கும் எதிர்வினை இருக்காது, நிஜத் தொற்றுள்ள மாட்டில் இருக்கும். அதை வைத்துப் புதிய தோல் பரிசோதனைகள் உருவாகியுள்ளன. பழைய டியூபர்குலின் சோதனையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

புரூசெல்லா கிருமியால் வரும் கன்று வீச்சு நோயில் கதை இன்னும் சிக்கல். எஸ்19 வித்து 1923-இல் ஜான் பக் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்தது. ஆய்வக மேசையில் அறை வெப்பத்தில் ஓராண்டு கிடந்து வலுவிழந்தது என்பார்கள். எரித்ரிட்டால் என்ற சர்க்கரைப் பொருளைச் செரிக்கும் மரபணுக்களில் 702 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) அதில் இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியில் நிறைந்திருப்பது எரித்ரிட்டால். என்றாலும் சினைப்பசுவுக்குப் போட்டால் கன்று வீசும் ஆபத்து தீரவில்லை. எனவே கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடுகிறார்கள். மேலும் இதன் மேற்பரப்பில் உள்ள ஓ-சர்க்கரைச் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருள் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தொற்று போலவே தெரியும்.

இதைத் தீர்க்க வந்தது ஆர்பி51. ரிஃபாம்பிசின் கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து எடுத்த இதில், ஓ-சங்கிலியைக் கட்டும் டபிள்யூபிஓஏ மரபணுவுக்குள் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு புகுந்து அதை உடைத்துவிட்டது. ஓ-சங்கிலி இல்லை, எனவே பரிசோதனைக் குழப்பமும் இல்லை. 1996-இல் அமெரிக்காவில் எஸ்19-இன் இடத்தைப் பிடித்தது. சரி, எல்லாம் நன்று என்று நினைக்கும்போது மறைந்த செலவு மனிதர் பக்கம் வந்தது. 2017-க்கும் 2019-க்கும் இடையே அங்கே காய்ச்சாத பால் குடித்த சிலருக்கு ஆர்பி51 தொற்றியது. மனித புரூசெல்லா நோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்று ரிஃபாம்பிசின், இந்த வித்தோ அதை எதிர்ப்பது. வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் இந்தத் தொற்று தெரியாது, மாட்டில் எந்தக் குணத்தைப் பாராட்டினோமோ அதே குணத்தால். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் போடும் ரெவ்-1 வித்தும் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும், மனிதரைத் தொற்றும், சினை ஆட்டில் கருச்சிதைவும் தரும். ஆனாலும் ஆடுகளுக்கு அதைவிட நல்லது இன்னும் வரவில்லை.

இந்த வகையின் நிரந்தரக் கவலை, உடைப்பு எவ்வளவு பெரியது என்பதுதான். ஆயிரக்கணக்கான எழுத்துகள் காணாமல் போயிருந்தால் அவை தானாக முளைக்காது. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் திரும்பி மாற ஒரு பிழை போதும். கோழிகளின் டைபாய்டுக்கு 1950களிலிருந்து பயன்படும் 9ஆர் வித்தின் ஆர்எஃப்ஏஜே மரபணுவில் உள்ள முக்கிய உடைப்பு ஒற்றை எழுத்து மாற்றம். நோய் கண்ட பண்ணைகளிலிருந்து எடுத்த சில கிருமிகள் மரபணு வரிசையில் அந்தத் தடுப்பூசி வித்தையே பெரிதும் ஒத்திருந்தது பதிவாகியுள்ளது.

## திட்டமிட்டு மரபணு நீக்கிய உயிர்க்கிருமி

இங்கே உடைப்பைக் காலத்திடம் விடாமல் நாமே தேர்ந்து செய்கிறோம். எதை வெட்டுவது என்பதில்தான் முழுக் கலையும்.

நச்சு மரபணுவை வெட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அடைப்பான் கதை அதன் ஆபத்தைக் காட்டியது. நச்சுதான் காப்புப் பொருள் என்றால் அதை முழுதாக வெட்டக் கூடாது. அதன் செயல்மையத்தை மட்டும் ஒன்றிரண்டு அமினோ அமிலம் மாற்றி முடக்கி, உருவத்தை அப்படியே விட வேண்டும். மேலுறையை வெட்டினால் காப்பு தரும் மேலுறையும் போகலாம்.

புத்திசாலித்தனமான வழி, எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாத வளர்சிதை மாற்ற மரபணுவில் கைவைப்பது. ஹோய்செத்தும் ஸ்டாக்கரும் 1981-இல் சால்மோனெல்லாவில் அரோ-ஏ மரபணுவை முடக்கிக் காட்டினார்கள். அந்த மரபணு போனால் கிருமியால் பாரா-அமினோ பென்சாயிக் அமிலம் போன்றவற்றைத் தானே செய்ய முடியாது. விலங்கின் திசுவில் அவை போதிய அளவு இல்லை. எனவே கிருமி உள்ளே நுழையும், தன் முகங்களையெல்லாம் காட்டும், சில தலைமுறை பெருகும், பட்டினியில் நின்றுவிடும். எதிர்ப்பு மண்டலத்துக்குத் தேவையான பாடம் அதற்குள் முடிந்திருக்கும். கோழிகளுக்கான ஈ.கோலை ஊசியிலும் குதிரைகளின் தொண்டைக் கட்டி நோய்க்கான ஒரு ஊசியிலும் இந்த அரோ-ஏ நீக்கம் சந்தை வரை வந்திருக்கிறது.

இன்னொரு குழு மரபணுக்கள், கட்டுப்பாட்டு மரபணுக்கள். ஃபோ-பி போன்ற ஒன்றைத் தட்டினால் அதன் கீழ் இயங்கும் பல வீரிய மரபணுக்கள் ஒரே அடியில் படுத்துவிடும். கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அந்தப் பலவற்றில் காப்பு தருபவையும் இருந்தால் அவையும் படுத்துவிடும். சால்மோனெல்லாவின் இரண்டாவது வீரியத் தீவு (வீரிய மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் டிஎன்ஏ பகுதி) செல்லுக்குள் பிழைக்க உதவுவது. அதை நீக்கினால் உள்ளே நுழையும், நீடிக்காது. இது எனக்குக் கட்டுப்பாட்டு மரபணுக்களைவிடப் பாதுகாப்பான பந்தயமாகத் தெரிகிறது.

அளவு தப்புவது இந்த வகையின் தனி வலி. குறைவாக வெட்டினால் மிச்ச வீரியம். அதிகமாக வெட்டினால் விலங்கு பாடம் கற்கும்முன்பே கிருமி செத்துப்போகும், அப்போது கொன்ற கிருமி ஊசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எலியில் சரியாக இருந்த வித்து கன்றில் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தள்ளித் தள்ளி உள்ள இரண்டு இடங்களில் தனித்தனியாக வெட்டுவது நல்ல வழக்கம். வேறொரு கிருமியிடமிருந்து ஒரு மரபணுவை வாங்கிச் சரிசெய்துகொண்டாலும் மற்றது நிற்கும். வெட்டுவதற்காக இடையில் வைத்த ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவை வித்திலேயே விட்டுவிடக் கூடாது. ஆய்வகத்தில் அது வசதி, ஒப்புதல் மேசையில் அதுவே முட்டுக்கட்டை. முதல் நாளிலிருந்தே அடையாளம் விடாத நீக்க முறையில் தொடங்குங்கள்.

பிறகு வருபவை பட்டியலில் எழுதாத செலவுகள்: மரபணு மாற்றிய உயிரி என்பதால் சுற்றுச்சூழல் ஆய்வு, கழிவில் எத்தனை நாள் வெளியேறுகிறது என்ற கணக்கு, இறைச்சி முட்டைக்கான காத்திருப்புக் காலம், குளிர்ச்சங்கிலி. தீவனத்தில் ஆன்டிபயாடிக் இருந்தாலோ குடிநீரில் குளோரின் இருந்தாலோ வாய்வழித் தடுப்பூசி வயிற்றுக்குப் போகும்முன்பே முடிந்தது. தாயின் சீம்பால் எதிர்ப்பொருள்கள் குட்டியில் மிஞ்சியிருந்தாலும் இதே கதிதான்.

## தனிப் புரதமும் டாக்ஸாய்டும்

நோயை ஒரே ஒரு நச்சுதான் செய்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ரண ஜன்னி அப்படி. ஆடுகளின் துள்ளுமாரி நோயும் அப்படி: கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் ஒரு பிளாஸ்மிட்டில் உள்ள எப்சிலான் நச்சு மரபணுவே முக்கியக் குற்றவாளி. நச்சை ஃபார்மலினில் சாதுவாக்கிக் கொடுத்தால் போதும், டாக்ஸாய்டு என்பது அதுதான். கொல்வதும் காப்பதும் ஒன்றே, அதுவும் வெளியே மிதக்கும் புரதம், எதிர்ப்பொருளால் மடக்கலாம்.

கன்று, பன்றிக்குட்டி வயிற்றுப்போக்கில் கொஞ்சம் திருப்பம். ஈ.கோலையின் வெப்பம் தாங்கும் நச்சு பதினெட்டு, பத்தொன்பது அமினோ அமிலம் கொண்ட சிறு துணுக்கு. அவ்வளவு சிறியதை எதிர்ப்பு மண்டலம் தானாகக் கவனிப்பதில்லை. எனவே கிருமி குடலில் ஒட்டிக்கொள்ளப் பயன்படும் எஃப்4, எஃப்5 ஒட்டிழைகளைக் குறிவைத்தார்கள். தாய்க்குச் சினையில் ஊசி போட்டால் சீம்பால் வழியே குட்டிக்குக் காப்பு போகிறது. குட்டி சீம்பால் குடிக்கவில்லை என்றால் ஊசிக்குப் பலன் இல்லை என்பதைப் பண்ணைக்காரர்களிடம் சொல்ல மறக்கிறோம்.

இந்த வழியின் பெரும் ஆபத்து தவறான மரபணுவைப் பிடிப்பது. கோழிகளின் அழுகல் குடல் நோய்க்கு ஆல்ஃபா நச்சுதான் காரணம் என்று பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவை முடக்கிய கிருமியைக் கோழிக்குக் கொடுத்தபோது நோய் அப்படியே வந்தது. அது 2006. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு நெட்-பி என்ற புதிய நச்சைக் கண்டுபிடித்தது. அதை முடக்கினால் நோய் போயிற்று, திருப்பி வைத்தால் நோய் திரும்பியது. ஃபால்கோவின் மூன்றாவது படி எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். கொன்ற கிருமி ஊசியில் மரபணுவைத் தவறாக ஊகித்தாலும் ஏதோ மிஞ்சும். ஒற்றைப் புரத ஊசியில் ஊகம் தப்பினால் கையில் ஒன்றும் இல்லை.

சரியான புரதமாகவே இருந்தாலும், களத்தில் உள்ள கிருமிகள் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டோ அந்த மரபணுவைக் கைவிட்டோ தப்பலாம். தூய புரதம் தனியாக மந்தமானது, எதிர்ப்பைத் தூண்டிவிடும் நல்ல துணையூக்கி கூடவே வேண்டும், இரண்டு தவணை வேண்டும். செல்லுக்குள் வாழும் கிருமிகளுக்கு இது இதுவரை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் டிவாவில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆக்டினோபாசில்லஸின் ஏபிஎக்ஸ்-4 நச்சு உடலுக்குள் மட்டுமே உண்டாவது. மற்ற மூன்று ஏபிஎக்ஸ் நச்சுகளை வைத்த ஊசி போட்ட பன்றியிடம் ஏபிஎக்ஸ்-4 எதிர்ப்பொருள் இருந்தால் அது தொற்றுதான், சந்தேகமே இல்லை.

## டிஎன்ஏ, எம்ஆர்என்ஏ

சுருக்கமாக முடிக்கலாம். இந்த வழியில் புரதத்தைக் கொடுப்பதில்லை, அதற்கான மரபணுக் குறிப்பைக் கொடுத்து விலங்கின் செல்லையே புரதம் செய்யவைக்கிறோம். குதிரைகளின் வெஸ்ட் நைல் நோய்க்கும் சால்மனின் ஐஎச்என் நோய்க்கும் 2005-இல் வந்த டிஎன்ஏ ஊசிகள் இரண்டுமே வைரஸுக்கானவை. அதில் ஒரு காரணம் உண்டு. வைரஸ் புரதம் இயல்பாகவே விலங்கின் செல்லில் உருவாவது. பாக்டீரியாப் புரதத்தை அங்கே உருவாக்கினால் செல் அதன் மேல் சர்க்கரையை ஒட்டி முகத்தை மறைத்துவிடலாம். ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல தலைப்பு. மந்தைக்கு இப்போதைக்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே பலம் | வீரியம் திரும்புமா | டிவா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கொன்ற கிருமி | செல்லுக்கு வெளியே வாழும் கிருமி, ரகம் தெரிந்த நோய் | இல்லை | பெரும்பாலும் முடியாது | உடலுக்குள் மட்டும் இயங்கும் மரபணுக்கள் விடுபடும், அடிக்கடி தவணை |
| தற்செயல் உயிர்வித்து | செல்லுக்குள் வாழும் கிருமி | உடைப்பின் அளவைப் பொறுத்தது | வித்துக்கு வித்து மாறும் | சினை, மனிதத் தொற்று, மருந்து எதிர்ப்பு |
| மரபணு நீக்கிய வித்து | செல்லுக்குள் வாழும் கிருமி, குடல், சுவாசப் பாதை | மிக அரிது | திட்டமிட்டால் முடியும் | ஒப்புதல், அளவு தப்புதல், குளிர்ச்சங்கிலி |
| தனிப் புரதம், டாக்ஸாய்டு | நச்சு அல்லது ஒட்டிழையால் வரும் நோய் | இல்லை | எளிது | தவறான மரபணு, துணையூக்கி, பல தவணை |

## எந்தச் சூழலில் எதை எடுப்பேன்

நோய் இப்போதுதான் வெடித்திருக்கிறது, கிருமி கையில் இருக்கிறது, மரபணுக்கள் தெரியாது: கொன்ற கிருமி. ஆனால் வளர்க்கும் ஊடகத்தை உடலுக்கு நெருக்கமாக்கி, கிருமி வளர்ந்த ஊடக நீரைக் கொட்டாமல் சேர்த்துக்கொள்வேன். நச்சு இருந்தால் அதில்தான் இருக்கும்.

ஒற்றை நச்சு என்று மூன்று படிகளிலும் உறுதியானால் டாக்ஸாய்டு. அதில் மரபணு நீக்கிய உயிர்வித்தை முயல்வது வீண் செலவு.

செல்லுக்குள் வாழும் கிருமி என்றால் உயிர்வித்துதான். பழைய வித்து நன்றாக வேலை செய்து, ஒழிப்புத் திட்டம் இல்லாத, நோய் மிகுந்த மந்தையாக இருந்தால், அதை விட்டுவிட்டுப் புதியதைத் தேட மாட்டேன். கன்று வீச்சு நோய் பரவிய இடத்தில் கிடேரிகளுக்கு எஸ்19 போடுவது, சரியான டிவா தடுப்பூசிக்காகக் காத்திருப்பதைவிட மேல். நோய் அருகி, தொற்றுள்ள மாட்டைத் தேடிப்பிடித்து நீக்கும் கட்டம் வந்தால் கணக்கு மாறும். அப்போது பரிசோதனையைக் குழப்பாத வித்து வேண்டும். ஊசி போட்ட பசுவின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டாகவும் யோசிக்கலாம். கோழிப் பண்ணைகளில் குஞ்சுக்கு வாய்வழி உயிர்வித்தும் முட்டையிடும் முன் கொன்ற கிருமி ஊசியும் சேர்த்துக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளது. முதலாவது குடலையும் செல்வழி எதிர்ப்பையும் தயாராக்கும், இரண்டாவது எதிர்ப்பொருளை உயர்த்தி முட்டை வழியே குஞ்சுக்கும் அனுப்பும்.

ஒரே நோயில் மூன்று வழிகளும் போட்டியிடுவதைப் பார்க்க வேண்டுமானால் குதிரைகளின் தொண்டைக் கட்டி நோய். கிருமியிலிருந்து சாறெடுத்த பழைய ஊசிகள் எதிர்ப்பொருளை உயர்த்தின, காப்பு சுமார். மூக்கில் விடும் உயிர்வித்து நல்ல இடத்தில் எதிர்ப்பைத் தூண்டுகிறது. ஆனால் அதே நேரத்தில் வேறு ஊசி போட்டு அந்தத் துளையில் வித்து பட்டுவிட்டால் சீழ்க்கட்டி. உதட்டின் உட்பக்கம் போடும் அரோ-ஏ நீக்கிய வித்தின் காப்புக் காலம் குறைவு, போட்ட இடத்தில் வீக்கம் உண்டு. 2021-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற, பல புரதங்களை இணைத்துச் செய்த ஊசியில் உயிருள்ள எதுவும் இல்லை. தொற்றைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை தேடும் புரதங்களும் அதில் இல்லை. போட்டிக்கும் விற்பனைக்கும் ஊர் ஊராகப் போகும் குதிரைக்கு நான் கடைசியானதையே எடுப்பேன், இரத்தப் பரிசோதனை கேட்கும் இடங்கள் கூடிவருவதால். வெளியே போகாத தொழுவத்தில் அந்தக் காரணம் பாதி அடிபட்டுப்போகும், விலையும் கிடைப்பதும்தான் தீர்மானிக்கும். நோய் ஏற்கெனவே தொழுவத்துக்குள் வந்து, தொற்றுப்பட்ட குதிரை எதிர்ப்பொருளை உச்சத்தில் வைத்திருந்தால் ஊசியை எடுக்கவே வேண்டாம். அந்த நிலையில் மேலும் தூண்டினால் இரத்தக் குழாய்கள் அழற்சியாகும் பர்ப்யூரா வரலாம். முதலில் எதிர்ப்பொருள் அளவைப் பாருங்கள், புதிய குதிரைகளைத் தனியே கட்டுங்கள், காய்ச்சலை நாளுக்கு இரண்டு வேளை அளந்து எழுதுங்கள்.